வரிசையாக வாசித்த வீடு

எங்கள் வீட்டில் வேத வாசிப்பு நின்றது 1990 ஜூன் மாதத்தில். என் சித்தப்பா மகன் கல்லூரி விடுதியில் சேர மெட்ராஸ் பஸ் ஏறிய ராத்திரி அது. வீட்டில் எழுத்துக் கூட்டி வாசிக்கிற கடைசி ஆள் அவன்தான். தாத்தா முந்தின வருஷமே தவறிவிட்டார். ஆச்சிக்கு வாசிக்கத் தெரியாது. முதல் நாள் ராத்திரி வாசித்து நிறுத்திய இடத்தில் ஓலை நறுக்கை வைத்து, வேதப்புத்தகத்தை மூடி, மாடக்குழியில் எடுத்து வைத்துவிட்டுப் போனான்.

முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் நடந்த ஒன்று அப்படித்தான் முடிந்தது. யாரும் அதை நிறுத்தவில்லை. வாசிக்க ஆள் இல்லாமல் போனது, அவ்வளவுதான். மனுஷர் இறந்தால் கோயில் மணி அடித்து ஊருக்குச் சொல்வார்கள். இதற்கு யாரும் மணி அடிக்கவில்லை. அதனால்தான் இத்தனை வருஷம் கழித்து நான் எழுதுகிறேன்.

மெஞ்ஞானபுரத்தைச் சுற்றித் தேரிக்காட்டை ஒட்டிக் கிடக்கிற ஊர்களில் எங்களுடையதும் ஒன்று. செம்மண் தேரி, பனை, உடைமரம். தேரி மேட்டில் ஏறி நின்றால் பனந்தலைகளுக்கு மேலே மெஞ்ஞானபுரம் கோயிலின் 192 அடி கோபுரம் தெரியும். அதை எழுப்பிய மிஷனரி ஜான் தாமஸ் ஐயர் 1870-ல் இறந்து அங்கேயே அடக்கமாகியிருக்கிறார். பக்கத்து ஊர்க்காரர்கள் எங்களை வேதக்காரர்கள் என்பார்கள், கோயிலை வேதக்கோயில் என்பார்கள். சில சமயம் இளக்காரமாகவும் சொல்வார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கும். கிறிஸ்தவர் என்றால் ஒரு மதத்தைச் சேர்ந்தவர் என்று மட்டும்தான் தெரியும். வேதக்காரர் என்றால் ஒரு புத்தகத்துக்குக் கட்டுப்பட்டவர் என்று தெரியும்.

அந்தக் கட்டுப்பாடு தொடங்கிய கதை பெரியது. 1799-ல் உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் கிறிஸ்தவர்களுக்கென்று முதலூரை உண்டாக்கியபோதும், 1820-ல் மிஷனரி ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்தபோதும், 1841-ல் மிஷனரி கால்டுவெல் இடையன்குடிக்கு வந்தபோதும் கேட்க உட்கார்ந்தவர்களில் அநேகருக்கு எழுத்து தெரியாது. விடியலிலும் பொழுது சாய்ந்த பிறகும் மணி அடிக்கும். பனையேறிகளும் அவர்கள் வீட்டுப் பெண்களும் கூடுவார்கள். உபதேசியார் வசனத்தைச் சொல்லச் சொல்ல எல்லாரும் திருப்பிச் சொல்வார்கள். கண்ணால் வாசிக்கும் முன்பே காதால் வாசித்த சனம் அது. கோயிலில் நடந்தது பிறகு வீடுகளுக்குள்ளும் வந்தது. எங்கள் வீட்டுக்கு எப்போது வந்தது என்பதற்குத் தாத்தாவின் பென்சில் எழுத்துதான் சாட்சி.

வேதப்புத்தகத்தின் பின்பக்க வெற்றுத் தாளில், பிறந்த தேதிகளுக்கும் ஞானஸ்நானத் தேதிகளுக்கும் கீழே, ஒரு வரிசை இருக்கிறது. பதினோரு வரிகள். ஒவ்வொன்றிலும் ஒரு மாதம், ஒரு வருஷம், பக்கத்தில் 'முடிந்தது'. முதல் வரி 1954 செப்டம்பர். கடைசி வரி 1987 டிசம்பர். ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரை 66 ஆகமங்களுக்கு 1189 அதிகாரங்கள். ராத்திரிக்கு ஒரு அதிகாரம் என்றால் மூன்று வருஷமும் மூன்று மாதமும் ஆகும். தேதிகளைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சராசரியாக ஒரு சுற்றுக்கு இருபத்தைந்து ராத்திரிபோலத்தான் தவறியிருக்கிறது. காய்ச்சல், துஷ்டி, பேறுகாலம், மழையில் கூரை ஒழுகியது எல்லாம் அந்த இருபத்தைந்துக்குள் அடக்கம்.

ஜெபம் ஏழரை மணிக்கு. அது முடியாமல் சோறு கிடையாது. பனம்பாயை விரித்து எல்லாரும் உட்காருவோம். முதலில் ஒரு கீர்த்தனை. அடுத்து வாசிப்பு. பேரப்பிள்ளைகள் முறை வைத்து வாசிப்போம். அதன் பிறகு முழங்காலில் நின்று தாத்தா ஜெபம் பண்ணுவார். மும்பையில் இருக்கிற மகனில் தொடங்கி, கன்று ஈனப் போகிற பசு வரை எல்லாரும் அதில் வந்தாக வேண்டும். பரமண்டல ஜெபத்தை எல்லாரும் சேர்ந்து சொல்லி, ஒருவருக்கொருவர் ஸ்தோத்திரம் சொல்லி எழுந்திருக்கும்போது, பாயின் பின்னல் முழங்காலில் கட்டம் கட்டமாகப் பதிந்திருக்கும். அதைத் தடவிக்கொண்டே சாப்பிட உட்காருவோம்.

எந்த அதிகாரம் வாசிக்க வேண்டும் என்பதை நாங்கள் தேர்ந்தெடுத்ததில்லை. ஓலை எங்கே இருக்கிறதோ அங்கே. யோசேப்பின் கதையும் தாவீதின் கதையும் வரும்போது ஆசையாக இருக்கும். நாளாகமத்தின் முதல் ஒன்பது அதிகாரங்களில் பெயர்களைத் தவிர அதிகம் ஒன்றும் வராது. நாக்கு புரளாது, பசி வேறு வயிற்றைக் கிள்ளும். ஒரு தடவை நான் ஐந்தாறு பெயர்களைத் தாண்டி வாசித்துவிட்டேன். சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்த ஆச்சி சொன்னாள்: "நடுவுல விட்டுட்டியேய்யா. திரும்ப வாசி."

எழுத்து தெரியாதவள். ஆனால் அந்தப் பெயர்களை அதற்கு முன் ஏழெட்டுத் தடவை கேட்டிருக்கிறாள். ஓசை எங்கே அறுந்தது என்று அவள் காதுக்குத் தெரிந்துவிட்டது. "வெறும் பேருதான ஆச்சி" என்றேன். "அவங்களும் ஆளுகதான" என்றாள்.

1871-ல் வெளிவந்த பவர் ஐயரின் மொழிபெயர்ப்பைத்தான் எங்கள் பக்கத்துக் கோயில்களில் பழைய திருப்புதல் என்கிறோம். வடமொழியும் தமிழும் கலந்த அந்த நடையைப் படித்தவர்கள் குறை சொல்வதுண்டு. பள்ளிக்கூடம் போகாத ஆச்சியின் பேச்சில் அது அப்படியே ஊறிக் கிடந்தது. நல்ல மனுஷனை 'உத்தமன்' என்பாள். கஷ்டப்பட்டேன் என்று சொல்லமாட்டாள், 'பிரயாசப்பட்டேன்' என்பாள். ஏமாற்றுகிற வியாபாரியைப் பற்றிப் பேச்சு வந்தால் 'கள்ளத்தராசு' என்ற ஒற்றை வார்த்தையோடு முடித்துவிடுவாள். அவளோடு அந்தத் தமிழும் எங்கள் வீட்டை விட்டுப் போனது.

1981 ஐப்பசியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். எனக்குப் பன்னிரண்டு வயது. அன்றைக்கு மத்தியானம்வரை ஒருவர் எங்கள் விளைக்குக் கருக்குமட்டை வேலி அடைத்துக் கொடுத்திருந்தார். உள்ளங்கையெல்லாம் கருக்கு அறுத்த கீறல். கூலிக்கு வந்து நின்றவரிடம் தாத்தா, "சில்லறை இல்ல, சனிக்கிழமை சேத்து வாங்கிக்க" என்றார். அவரும் சரி என்று போய்விட்டார். ராத்திரி மழை. கரண்டு போய்விட்டது. அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் என் முறை. ஓலை உபாகமம் 24-ல் இருந்தது. எனக்கு அது எதைப் பற்றிய அதிகாரம் என்பதே தெரியாது. வாசித்துக்கொண்டே போனேன். ஏழைக் கூலிக்காரனின் கூலியைப் பொழுது போகுமுன்னே கொடுத்துவிட வேண்டும் என்று வருகிற இடத்தில் தாத்தா கையை உயர்த்தினார்.

"அங்கனயே நிறுத்துலே."

எழுந்து, மடிப்பெட்டியைத் திறந்து எண்ணினார். சில்லறை இருந்தது. ஓலைக் குடையைத் தலையில் போட்டுக்கொண்டு, அரிக்கேனையும் எடுத்துக்கொண்டார். என்னையும் கூட வரச் சொன்னார். மற்றவர்கள் இருட்டில் பாயிலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஊருக்குக் கிழக்கே ஓடைக்கு அந்தப் பக்கம் வேலி அடைத்தவரின் குடியிருப்பு. கதவைத் தட்டினதும் அவர் வீட்டு அம்மாள்தான் வந்தாள். "இந்த மழையில எதுக்கு நாடாரே, விடிஞ்சா வாங்கிக்க மாட்டமா" என்றாள். தாத்தா, "பொழுது ஏற்கெனவே போயாச்சு தாயீ, இன்னும் போக்கக் கூடாது" என்று பணத்தைக் கொடுத்தார். திரும்பி வந்து ஈரத்தோடு உட்கார்ந்து, "ம், வாசி" என்றார். விட்ட வசனத்திலிருந்து வாசித்தேன்.

அந்த ராத்திரியில் இன்னொன்றும் நடந்தது. அதை மறைத்தால் நான் தாத்தாவுக்குச் செய்வது இரங்கல் ஆகாது. அந்த அம்மாள், நனைந்து நிற்கிறோமே என்று, உள்ளே வரச் சொன்னாள், சூடாகக் காப்பி போட்டுத் தருகிறேன் என்றாள். தாத்தா படி ஏறவில்லை. எனக்குக் குளிர் நடுக்கியது, ஆசையாகவும் இருந்தது. என் தோளைப் பிடித்துத் திருப்பினார். மழையில் ஓடையைத் தாண்டி அந்த வீட்டு வாசல்வரை அவரைக் கொண்டுபோன வேதம் வாசலுக்குள் கொண்டுபோகவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கத்துக்காரர்களும் எங்கள் கோயிலுக்குத்தான் வந்தார்கள், பின்னால் உட்கார்ந்தார்கள். பதினோரு தடவை முழு வேதத்தையும் வாசித்த வீட்டில் இந்த ஒன்று உறைக்காமலே போனது. இதற்கு என்னிடம் சமாதானம் எதுவும் இல்லை. பன்னிரண்டாவது சுற்று தொடர்ந்திருந்தால் உறைத்திருக்குமோ என்று நினைத்துக்கொள்வேன். அது என் ஆசை, அவ்வளவுதான்.

தாத்தாவை அந்த மழையில் ஓடை தாண்ட வைத்தது தெய்வபயம். அந்தச் சொல்லை இப்போதெல்லாம் பிள்ளைகளிடம் சொன்னால் மிரட்டல் என்று நினைக்கிறார்கள். எங்கள் வீட்டில் யாரும் நரகத்தைச் சொல்லி மிரட்டப்பட்டதாக எனக்கு நினைவில்லை. அந்தப் பயம் எப்படி இருந்தது என்று கேட்டால் நான் பனையைத்தான் காட்டுவேன்.

தாத்தா 1970-களின் நடுப்பகுதிவரை பனையேறினார். இடுப்பில் அருவாப்பெட்டி, அதில் பாளை அருவாள், சுண்ணாம்பு. பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டும்போது உள்ளே சுண்ணாம்பு தடவ வேண்டும். தடவினால் பதநீர். தடவாவிட்டால் அதே மரம், அதே பாளை, ஆனால் இறங்குவது கள். அந்த ஒரு விரல் சுண்ணாம்புதான் வித்தியாசம். மரத்தின் உச்சியில், ஓலைகளுக்கு நடுவில், ஒற்றை ஆளாகச் செய்கிற வேலை அது. கீழே இருந்து யாருக்கும் தெரியாது. 1971-ல் மதுவிலக்கு தளர்ந்து கள்ளுக்கடைகள் திறந்தபோது, ஏழெட்டு மரத்தில் மட்டும் சுண்ணாம்பு தடவாமல் விடச் சொல்லி ஒருவர் வந்து கேட்டாராம், முன்பணமும் நீட்டினாராம். அந்த வருஷம் அத்தைக்குக் கல்யாணம் பேசியிருந்தது, பணம் தேவைப்பட்டது. தாத்தா, "மேலேறுனா நான் தனியா இல்லய்யா" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். ஆச்சி இதைப் பெருமையாகச் சொல்லமாட்டாள். கல்யாணத்துக்குக் கடன் வாங்கிய கதையைச் சொல்லும்போது இடையில் வரும்.

பனையேறுகிற வேதக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் பெரிய இடைஞ்சல். பனைக்கு ஓய்வுநாள் கிடையாது. ஒருநாள் பாளை சீவாமல் விட்டால் சீவின முகம் காய ஆரம்பிக்கும். தொடர்ந்து விட்டால் அந்தப் பாளை அடைத்துப்போகும். ஏறாமல் இருந்தால் பிழைப்பு கெடும், ஏறினால் கட்டளையை மீறியதாகும். தாத்தா இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை விடியும் முன் ஏறிச் சீவிவிட்டு வருவார். அன்றைக்கு இறக்கிய பதநீரைக் காய்ச்சமாட்டார்கள், விற்கமாட்டார்கள். கோயில் முடிந்து வருகிற வழியில், பதநீர் காய்ச்சுகிற குடிசையான விடிலிக்கு முன்னால் பானையை வைத்துவிடுவார். யார் வேண்டுமானாலும் ஓலைப்பட்டை மடித்துக் குடித்துவிட்டுப் போகலாம். சந்தைக்குப் போகிறவர்கள், மாடு ஓட்டிப் போகிறவர்கள், நாங்கள் எல்லாரும் குடிப்போம். மிஞ்சினால் மாட்டுக்கு. பருவ காலம் முழுவதும் ஏழில் ஒருநாள் வருமானம் அப்படிப் போனது. எந்த ஐயரும் அவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. புத்தகத்துக்கும் மரத்துக்கும் நடுவில் நின்று அவரே கண்டுபிடித்த கீழ்ப்படிதல் அது.

கருப்பட்டிக்குப் பொறுப்பு ஆச்சி. பதநீர் கொதித்துப் பொங்கும்போது ஆமணக்கு விதையைத் தட்டிப் போட்டு நுரையை அடக்கி, பாகு பதமாகும்வரை துடுப்பால் கிண்டி, சிரட்டைகளில் ஊற்றுவாள். அடிப்பிடித்துப்போன பாகை நல்லதோடு சேர்க்கமாட்டாள். தனியாக ஊற்றி, தனிப் பெட்டியில் போட்டு, வியாபாரியிடம், "இது தீஞ்சது, விலையக் குறைச்சுக்க" என்று அவளே சொல்வாள். இன்றைக்குக் கருப்பட்டி என்று விற்பதில் எவ்வளவு சீனிப்பாகு கலந்திருக்கிறது என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். கலக்கிறவர்களில் ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருகிறவர்களும் உண்டு. கோயில் விருந்தான அசனப் பண்டிகைக்கு முதல் மூட்டை அரிசி கொடுக்கிறவர்களும் உண்டு. அவர்களை எனக்குத் தெரியும், கெட்டவர்கள் இல்லை. அவர்கள் வீட்டில் ராத்திரி ஒரு அதிகாரம் வாசிக்கிற வழக்கம் இருந்தால், மூன்று வருஷத்துக்கு ஒருமுறையாவது லேவியராகமம் 19 வந்து நிற்கும், நிறையையும் அளவையும் பற்றிப் பேசும். பிள்ளை வாசிக்கும், அப்பா கேட்க வேண்டியிருக்கும்.

எங்கள் வீட்டில் நின்றுபோனது என்ன என்று நான் யோசித்து வந்து சேர்ந்த இடம் இதுதான். ஜெபம் எங்கேயும் நின்றுவிடவில்லை. முன்பைவிட அதிகமாக நடக்கிறது. உபவாசக் கூட்டம் உண்டு, கன்வென்ஷன் உண்டு, விடிய விடிய ஆராதனை உண்டு. காலையில் கைப்பேசியைத் திறந்தால் பூப்படத்தின் மேல் வாக்குத்தத்த வசனம் வந்து நிற்கிறது. வருஷப் பிறப்பு ராத்திரி கோயிலில் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம், வீட்டு நிலையில் ஒட்டுகிறோம். ஆசீர்வதிப்பேன், பெருகப்பண்ணுவேன், கைவிடமாட்டேன் என்று வருகிற வசனங்கள். நான் எடுத்த எந்த அட்டையிலும் வேலைக்காரனின் கூலி வந்ததில்லை. தராசு வந்ததில்லை. விதவை வீட்டு வஸ்திரத்தை அடகு வாங்காதே என்று வந்ததில்லை. ஆறுதலை மட்டும் அரித்தெடுத்து வைத்துக்கொண்டு மிச்சத்தைப் புத்தகத்துக்குள்ளேயே விட்டுவிட்டோம். வரிசையாக வாசிக்கிறவனுக்கு அந்த வசதி கிடையாது. அவன் இருக்கிற இடத்துக்கு வசனம் வந்தே தீரும். வீட்டில் எல்லார் காதிலும் விழ, அவன் பேரப்பிள்ளையின் வாயாலேயே வரும்.

எப்படிப் போனது என்பதற்குப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை. பனையேற்றம் படுத்தது. பிள்ளைகள் மும்பைக்கும் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் போனார்கள். ஏழரை மணி டியூஷனுக்கும் டிவிக்கும் போனது. ஒரே அறையாக இருந்த வீடு நாலு அறையானது. படித்து முன்னேற வேண்டும் என்று எங்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதும் அதே வேதக்காரர்கள்தான். படித்தோம், முன்னேறினோம், ஊரை விட்டுப் போனோம். வாசிக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் போனபின் வாசிக்கத் தெரியாத ஆச்சி மிஞ்சினாள்.

1990-லிருந்து 2003-ல் சாகிறவரை பதின்மூன்று வருஷம் அவள் தனியாக இருந்தாள். ஏழரைக்குப் பாயை விரிப்பாள். தெரிந்த கீர்த்தனையைப் பாடுவாள். முழங்காலில் நிற்க முடியாமல் போனபிறகு கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். சமைக்கும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிச்சட்டியில் போட்டு, ஞாயிறுதோறும் கோயிலுக்குக் கொண்டுபோவதையும் கடைசிவரை விடவில்லை. தன் ஒருத்திக்குச் சமைத்தபோதும் பிடியின் அளவு குறையவில்லை.

லீவுக்கு வருகிறவர்களிடம் மாடக்குழியைக் காட்டிக் கேட்பாள்: "ஓலை இருக்கிற எடத்துலருந்து ஒண்ணு வாசிய்யா." வந்தவர்கள் ஓலை இருக்கிற இடத்தைப் பார்ப்பார்கள். எசேக்கியேல் தீர்க்கதரிசி தரிசனத்தில் கண்ட ஆலயத்தின் அளவுகள். முழம், கோல், தூண், வாசல், அகலம், நீளம். வயசான மனுஷிக்கு இதைப் போய் வாசிப்பானேன் என்று 23-ஆம் சங்கீதத்தை வாசிப்பார்கள், இல்லாவிட்டால் 91, இல்லாவிட்டால் 121. நானும் அதைத்தான் செய்தேன். ஒவ்வொரு தடவையும் செய்தேன். பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும், சின்ன சங்கீதமாகப் பார்த்து வாசித்துவிட்டு நெற்றியில் முத்தம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அவள் மறுக்கமாட்டாள். கூடவே முணுமுணுத்துக்கொண்டு வருவாள், அவளுக்கு அது மனப்பாடம். முடித்ததும், "இது எனக்குத் தெரியும்லா" என்பாள். அதில் குறை இருந்தது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

போன மாதம் வீட்டை இடிப்பதற்கு முன் சாமான்களைப் பிரிக்கப் போயிருந்தேன். வேதப்புத்தகம் மாடக்குழியிலேயே இருந்தது. கறுப்பு அட்டையின் ஓரம் கரையான் தொட்டிருந்தது, உள்ளே தாள்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓலை நறுக்கு பழுத்து, தொட்டால் ஒடிகிற மாதிரி, எசேக்கியேல் 41-ல் கிடந்தது. விரலால் தள்ளித் தள்ளி எண்ணினேன். எசேக்கியேலில் 8, தானியேலில் 12, ஓசியா முதல் மல்கியா வரை 67, புதிய ஏற்பாடு முழுக்க 260. அந்தச் சுற்று முடிய இன்னும் 347 அதிகாரங்கள். ஓலையை எடுக்காமல் புத்தகத்தை ஒரு வேட்டியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன்.